வாகனம் இறங்கத் தடை

போன வாரம் எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. வழக்கமாக அதில் வருவது காலை வணக்கம், சர்க்கரை நோய்க்கு வெந்தயம், யாராவது போய்ச் சேர்ந்த செய்தி, இவ்வளவுதான். இது ஒரு அறிவிப்புப் பலகை. தேவனாம்பட்டினத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு குப்பத்தின் கடற்கரையில் புதிதாக நட்டிருக்கிறார்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. 'ஆமைகள் முட்டையிடும் பகுதி. கடற்கரையில் வாகனங்கள் இறங்கத் தடை (சுவாமி வாகனங்கள் நீங்கலாக).'

கீழே ஆளாளுக்குச் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள். அந்தப் பகுதியை இப்போது பார்த்துக்கொள்ளும் வனவர், முகம் பார்த்திராத ஒரு தம்பி, எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அந்தப் பிராக்கெட் ஒங்க காலத்துல வந்ததாமே. எதுக்கு வந்துச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. பழைய போர்டுல இருந்துச்சு, அப்படியே புதுசுலயும் எழுதிட்டோம்" என்றார். எங்கள் துறையில் ஒரு அடைப்புக்குறியைப் போடுவதுதான் கஷ்டம். போட்டுவிட்டால் கல்வெட்டு மாதிரி, எடுக்க யாருக்கும் தைரியம் வராது. அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் வனத்துறையில் குப்பை கொட்டியவன். வனக்காப்பாளராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றேன். பயிற்சி கொடுத்தது ஒரு மலைமேல். சரணாலயத்துக்குள் வண்டி ஓட்டும் விதிகளை அங்கே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது, யானை குறுக்கே வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மிருகத்துக்குத்தான் முதல் வழி. எல்லாம் தலைகீழாகச் சொல்வேன். அப்புறம் என்னைக் கடலூர் கடற்கரைக்குப் போட்டார்கள். மருந்துக்குக்கூட யானை கிடையாது. சொந்த ஊர் புவனகிரி. அங்கே கல்யாண வீடுகளில், "மாமா, ஒங்க காட்டுல என்னா மிருகம் இருக்குது?" என்று கேட்பார்கள். நண்டு என்பேன். பிச்சாவரத்தில் சில வருஷம் படகுகளை மிரட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் இந்த ஆமைக் கடற்கரை.

ஊர்க்காரர்கள் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். தை பிறந்ததும் கரையேற ஆரம்பிக்கும். மணலில் குழி பறித்து முட்டை போட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். விடியற்காலையில் நாங்கள் நடப்போம். அது ஏறி இறங்கிய தடம் டிராக்டர் டயர் போன தடம் மாதிரியே இருக்கும். "என்னா சார், டிராக்டர் வந்துட்டுப் போயிருக்கு, நீங்க தூங்கறீங்களா?" என்று வாக்கிங் வருகிறவர்கள் என்னைக் கண்டித்ததுண்டு. குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பது எங்கள் வேலை. அதையும் ஆமை முட்டை போட்ட சில மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். நேரம் தாண்டினால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அசைத்தால் குஞ்சு செத்துவிடும்.

வண்டி விட்டால் என்ன ஆகும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். மேலே ஏறினால் முட்டை நசுங்கும், அது யாருக்கும் புரியும். புரியாதது, டயர் விட்டுப்போகும் பள்ளம். பொரிந்த குஞ்சு கடலைப் பார்த்து ஓடும்போது அதில் விழுந்தால் ஏற முடியாது. பள்ளத்தோடே நீளமாக ஓடிக்கொண்டிருக்கும். காக்காய்க்கும் நாய்க்கும் அப்புறம் வேட்டைதான்.

அப்போது எங்கள் ரேஞ்சர் தட்சிணாமூர்த்தி ஐயா. பேசாமல் இருப்பதில் பேருக்கு ஏற்றவர். எதைக் கேட்டாலும் முதலில் டீ வரவழைப்பார். குடித்து முடிக்கும் வரை பதில் வராது. முடித்ததும் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விதிப் புத்தகத்தில் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி, "வார்த்தை என்ன சொல்லுது?" என்று கேட்பார். நமக்குத் தோன்றுவது, ஊருக்கு நல்லது, மேலிடத்துக்குப் பிடித்தது, இவையெல்லாம் அவருக்கு வார்த்தைக்குப் பிறகுதான். கோபமே படமாட்டார், அதனால் எங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தியாக வரும்.

சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் ஜீப்பையும் பைக்கையும் மணலில் இறக்கி வட்டம் போட ஆரம்பித்த வருஷம், ஐயா தன் கையாலேயே வாசகம் எழுதிப் பலகை வைத்தார். 'கடற்கரையில் வாகனங்கள் இறங்கத் தடை. மீறினால் வாகனம் பறிமுதல் செய்யப்படும்.' ஜீப்காரர்கள் அதைப் படிக்கவில்லை. பைக்காரர்கள் பைக்கைப் பலகையின் காலில் சாய்த்து வைத்து செல்பி எடுத்தார்கள். அக்கறையாகப் படித்தது குப்பத்துக்காரர்கள் மட்டும்தான்.

அடுத்த நாள் காலை ஆபீஸ் வாசலில் கூட்டம். முன்னால் நின்றவர் அஞ்சலாட்சி, மீன் விற்கிற அம்மா, குரலுக்கு மைக் தேவையில்லை.

"ஏன் சார், எங்க ஆத்தா கடலுக்கு வரக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கீங்களாமே?"

ஐயா திகைத்துப் போனார். "அப்படி எங்கம்மா எழுதியிருக்கு?"

"வாகனம் எறங்கக் கூடாதுன்னு எழுதலை? மாசி மகத்துக்கு ஆத்தா சிம்ம வாகனத்துலதான வருது? கடல்ல எறங்காம தீர்த்தவாரி எப்படி ஆவும்? பத்தாததுக்கு வாகனத்தைப் புடுங்கிப்போம்னு வேற. எங்க சிம்மத்தைத் தூக்கிட்டுப் போயி ஒங்க ஆபீசுல கட்டிப் போடுவீங்களா?"

"நான் காரு, பைக்கைச் சொன்னேன்ம்மா."

"அத வண்டின்னு எழுதணும் சார். காரைப் போயி எவன் வாகனம்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். அந்த அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் வீட்டில் யாரும், "வாகனத்தை எடு, கடைக்குப் போகணும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது இரண்டே இரண்டு பேர். ஒன்று கோயில், இன்னொன்று கவர்மெண்ட். இரண்டு பேரும் ஒரே கடற்கரையில் இறங்குவார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

டீ வந்தது. முழுக் கூட்டமும் ஐயா குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றது. டம்ளர் கவிழ்ந்தது, விரல் நகர்ந்தது. எஞ்சினால் ஓடுவதுதான் விதியில் சொன்ன வாகனம், சிம்மம் அதில் வராது, ஆகவே அம்மன் தாராளமாக இறங்கலாம் என்று தீர்ப்பு சொன்னார். எல்லார் முகத்திலும் நிம்மதி.

பின்னாலிருந்து ஒரு குரல். "அப்ப சிம்மம் வரலாம், டிராக்டர் வரக்கூடாது. அதான சார்?"

"ஆமா."

"சிம்மம் டிராக்டர் பொட்டி மேல ஒக்காந்துல்ல சார் வருது."

கேட்டவர் கலியமூர்த்தி. குப்பத்துக்கே ஒரு டிராக்டர், அது அவருடையது. வடக்கே படகுத்துறையில் எல்லோருடைய படகையும் கரைக்கு இழுத்துப் போடுவது அதுதான். அங்கே ஆமை ஏறாது, அதனால் அங்கே தடையும் இல்லை. மாசி மகத்தன்று மட்டும் பின்னால் டிரெய்லரை மாட்டி, அதில் சிம்மத்தையும் அம்மனையும் ஏற்றித் தெற்கே வருவார். அது ஆமைக் கரை.

"தோள்ல தூக்கிட்டு வாங்களேன்" என்றார் ஐயா.

"ஆளு ஏது சார்? பாதிப் பேரு வெளிநாடு, பாதிப் பேரு சிப்காட்டுல ஷிப்ட்டு. மீதி இருக்கறவனுக்கு மூட்டு வலி" என்றார் அஞ்சலாட்சி.

டிராக்டர் வந்தால் பறிமுதல்தான் என்று ஐயா சொல்லிவிட்டார். கூட்டம் முனகிக்கொண்டே கலைந்தது. அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு, "ஆத்தா வர்றதுக்கு பாரஸ்ட்டு முட்டுக்கட்டை போடுது." நான் டீக்கடைக்குப் போனால் பேச்சு நிற்கும், டீயும் ஆறித்தான் வரும்.

இதிலே எங்கள் துறையின் கைங்கரியம் இன்னொன்று உண்டு. சுனாமிக்குப் பிறகு, அலையைத் தடுக்கக் கரை நெடுகச் சவுக்கு நட்டோம். ஆமை ஏறுவதற்கும் வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. அம்மன் இறங்குவதற்காக மட்டும் ஒரு இடைவெளி விட்டிருந்தோம். அம்மன் வழி என்று அதற்குப் பேர். அந்த வருஷம் மேலேறி வர இடம் தேடிய ஒரு ஆமை, புத்திசாலி, அம்மன் வழியிலேயே வந்து முட்டை போட்டது. காற்றில் தடம் அழிந்துவிட்டதால் எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஒரு நாய் அங்கே மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்டுபிடித்தோம். நேரம் கடந்துவிட்டது, இனி முட்டையை எடுக்க முடியாது. சுற்றிக் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன். மாசி மகத்துக்கு மூன்றே நாள் இருந்தது.

கலியமூர்த்தி அங்கே வந்து நின்றார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுனாமியில் அவருடைய ஒரே பெண் குழந்தை போய்விட்டது. கிடைக்கவே இல்லை. அதற்கடுத்த மாசி மகத்தில், கடலில் கால் வைக்க ஊரில் ஒருத்தருக்கும் தைரியமில்லை. அம்மனைக் கோயிலிலேயே வைத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் தன் டிராக்டரில் அம்மனை ஏற்றிக்கொண்டு தன்னந்தனியாகக் கடல் வரை ஓட்டிக்கொண்டு போனாராம். பிறகுதான் ஊர் பின்னால் வந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அவர்தான் ஓட்டுவார். அம்மன் நீராடியதும் எள்ளும் அரிசியுமாகத் தண்ணீரில் இறங்குவார்.

"பாப்பா கடல்லதான் இருக்குது சார்" என்றார். "வருசத்துக்கு ஒருக்காதான் நான் போயிப் பாக்கறது. ஆத்தாவ ஏத்திக்கிட்டு ஓட்டிட்டுப் போனாத்தான் எனக்குத் தைரியம். சும்மா நடந்து போவ என்னால முடியாது. நீங்க புடிக்கணும்னா புடிச்சிக்குங்க. நான் ஓட்டிட்டுதான் வருவேன்."

"டிராக்டர் கோர்ட்டுக்குப் போயிடும்யா. ஊர்ப் படகையெல்லாம் யாரு இழுக்கறது?"

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபமாக வந்தது. அவரைப் பிடிக்கப் போகிறவன் வேறு யாரும் இல்லை, நான்தான். உப்புக்காற்றில் ஆபீஸ் முற்றத்தில் நிறுத்தினால் அந்த டிராக்டர் துருவாகத்தான் திரும்பி வரும். பிடிக்காமல் விட்டால் மண்ணுக்குள் அத்தனை உயிர். ஜீப்பில் வட்டம் போட்டவனையெல்லாம் போன் வந்தது, சிபாரிசு வந்தது என்று விட்டிருக்கிறோம். சிக்குவது குழந்தையைப் பறிகொடுத்தவன்.

ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டீ குடித்தார். டம்ளரைக் கவிழ்க்காமல் இன்னொரு டீ சொன்னார். என் சர்வீஸில் அவர் இரண்டாவது டீ சொல்லிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"விதியில ஓட்டக் கூடாதுன்னுதான் இருக்கு" என்றார். "இழுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே."

"புரியலைங்க ஐயா."

"டிராக்டரை ரோட்டுலயே கழட்டி விட்டுடு. டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. கயிறு கட்டி ஜனங்க இழுத்தா அதுக்குப் பேரு என்ன?"

"தேருங்க."

"தேருக்கு விதியில தடை இல்ல. சக்கரம் குழி மேல ஏறாமத் திருப்பணுமே, அது எப்படி? நீ சிதம்பரத்துப் பக்கம்தானே?"

அதற்கு எனக்கு ஆள் இருந்தது. என் மச்சான் செல்வம், சிதம்பரம் தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன். வீதி முனையில் அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான். மாசி மகத்தன்று காலை நாலைந்து கட்டைகளைக் கோணியில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து இறங்கினான். அஞ்சலாட்சி பார்த்துவிட்டு, "ஒரு மாசமா வாயாலதான் முட்டுக்கட்டை போட்டீங்க, இப்ப நெசமாவே கொண்டாந்துட்டீங்களா?" என்றார். மச்சான் பெருமையாகத் தலையாட்டினான்.

இழுக்கும் யோசனையை ஊர் ஒத்துக்கொண்டது. கலியமூர்த்தி மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேளம் முழங்க டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லரில் சிம்மத்தின் மேல் அம்மன், மாலைகளுக்குள் முகம் மட்டும்தான் தெரிந்தது. ரோடு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்றது. ஆனால் எஞ்சினை அணைக்கவில்லை. அவர் சீட்டை விட்டு இறங்கவுமில்லை. மேளம் நின்றுவிட்டது. நான் போய் முன்சக்கரத்துக்கு எதிரே நின்றேன். என் பின்னால் சரிவில் அந்தச் சிவப்புத் துணிகள். ஐயா யூனிபார்மும் பூட்ஸுமாக ஓரமாக நின்றார்.

கலியமூர்த்தி என்னைப் பார்க்கவில்லை. துணிகளைப் பார்த்தார்.

"உள்ள எத்தினி சார் இருக்கும்?"

"நூறு இருக்கும்."

"அத்தினியும் உயிரா இருக்குதா?"

"இருக்கு. அசைக்காம இருந்தா சித்திரையில வெளிய வரும்."

"அதுங்க ஆயி?"

"அது போட்டுட்டு அப்பவே போயிடுச்சு. கடல்ல இருக்கும்."

ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுத்தார். அப்புறம் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றதும் கடல் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, அவரே கொக்கியைக் கழற்றினார். கயிற்றின் முதல் முனையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஊரைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை மச்சான் பார்த்துவிட்டான், இன்றைக்கும் பண்டிகைக்குப் பண்டிகை சொல்லிக் காட்டுகிறான்.

மேளம் மறுபடி தொடங்கியது. மணலில் டிரெய்லர் இழுப்பது சாதாரணமில்லை. சக்கரம் புதைந்தது. பெண்களும் கயிற்றைப் பிடித்தார்கள். சுண்டல் விற்கிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், எல்லோரும் பிடித்தார்கள். துணிகளுக்குப் பக்கத்தில் வரும்போது சரிவு. பொட்டி தானாக நகர ஆரம்பித்து, ஒரு பக்கமாகக் குழியைப் பார்த்தே இழுத்தது. "புடிங்க, பின்னால புடிங்க" என்று நான் கத்துகிறேன், மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மச்சான் குனிந்தபடியே ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகினான். சக்கரம் கட்டையில் ஏறி முனகி, தலையைத் திருப்பிக்கொண்டது. துணிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம்தான். படுக்கத் தயாராகத்தான் நானும் இருந்தேன்.

அப்போது பார்த்தேன், சரிவில் பிடித்து நிறுத்தக் கட்டியிருந்த பின்கயிற்றில், பூட்ஸைக் கழற்றிப்போட்டு, பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, தட்சிணாமூர்த்தி ஐயா தொங்கிக்கொண்டிருந்தார். எந்த வார்த்தையைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மன் கடலில் இறங்கியது. கலியமூர்த்தி நடந்தே தண்ணீருக்குள் போனார். அன்று நிறைய நேரம் உள்ளேயே நின்றிருந்தார்.

ஐயா மேலிடத்துக்கு எழுதினார்: வாகனம் எதுவும் ஓட்டப்படவில்லை, ஒன்று மட்டும் இழுக்கப்பட்டது. அது என்ன வாகனம் என்று மேலிடம் கேட்டது. சுவாமி வாகனம் என்று பதில் போனது. அப்படியானால் பலகையில் விலக்கு சேர்க்கவும் என்று உத்தரவு வந்தது. பெயிண்டர் அடைப்புக்குறி போட்டார். ஓட்டக் கூடாது, இழுக்கலாம் என்று ஐயா இரண்டு டீ குடித்துக் கண்டுபிடித்த நுணுக்கமெல்லாம் அந்தப் பிராக்கெட்டுக்குள் காணாமல் போனது. படிக்கிறவனுக்கு, சாமி இருந்தால் டிராக்டரும் வரலாம் என்றுதான் அர்த்தம். ஆனால் குப்பத்தில் அதற்குப் பிறகு ஒருத்தரும் டிராக்டரை இறக்கவில்லை. வருஷா வருஷம் இழுத்துத்தான் போகிறார்கள்.

அந்தச் சித்திரையில் ஒரு விடியற்காலை மண் பொங்கியது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே வந்தன. ஓடுகிற வழியில் ஒரு பள்ளம்கூட இல்லை. டிரெய்லர் போட்ட தடத்தையெல்லாம் மாசி மகத்து சாயங்காலமே கலியமூர்த்தி மண்வெட்டியால் மூடி மட்டம் செய்திருந்தார். அன்றும் வந்திருந்தார். கடைசிக் குஞ்சு அலையில் மறையும் வரை பின்னாலேயே நடந்து போனார், முழங்கால் நனைந்தது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. அடுத்த பருவத்தில் ஆமைக் காவலுக்குத் தினக்கூலி ஆள் தேவைப்பட்டபோது நான் வேறு யாரையும் தேடவில்லை.

இதையெல்லாம் போனில் சொன்னதும் அந்தத் தம்பி, "அண்ணே, இப்பதான் ஒண்ணு புரியுது" என்றார். இந்த வருஷம் மாசி மகத்தன்று வெளியூர் ஜீப் ஒன்று அம்மன் வழியில் வந்து நின்றதாம். பானெட்டில் ஒரு பிள்ளையார் படத்தை ஒட்டி, மாலையும் போட்டிருந்தார்களாம். இவர் தடுத்ததும் பலகையைக் காட்டி, சுவாமி வாகனம் நீங்கலாக என்று போட்டிருக்கிறதே, எங்களுடையதும் சுவாமி வாகனம்தான் என்று சட்டம் பேசினார்களாம். அந்த நேரத்தில் காவலில் இருந்த பெரியவர் கலியமூர்த்தி, அம்மனை இழுத்து முடித்த ஈரக் கயிற்றைக் கொண்டுவந்து பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் போட்டாராம்.

"சாமி வண்டியா? ரொம்ப நல்லது. எஞ்சினை நிறுத்திட்டு எறங்கி இழுங்க. எம் பொண்ணப் பாக்க நானே இந்த வழில ஓட்டிட்டுப் போறதில்ல."